நார்க் கம்பும் நனையாத வேரும்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் மணி பிளாண்ட் கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது நர்சரிகளில் வெறும் செடியைக் கொடுப்பது குறைந்துவிட்டது. தொட்டியின் நடுவே பிளாஸ்டிக் குழாய்மேல் தேங்காய் நார் சுற்றிய ஒரு கம்பு நிற்கும். நான்கைந்து கொடிகளை அதன்மேல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், விற்பனையும் சுலபம். வாங்கிப் போனவர்கள் ஓராண்டு கழித்துச் சொல்லும் குறையும் ஏறக்குறைய ஒன்றுதான்: கொடி கம்பைப் பிடிக்கவே இல்லை, கட்டை அவிழ்த்தால் அப்படியே சரிகிறது, மேலே போகப் போக இலை சிறுக்கிறது. தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை, வெளிச்சம் போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்புவது எங்கள் தொழிலின் வழக்கம். பல வருடங்களாக இந்தச் செடிகளை விற்றும் பராமரித்தும் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு வேறு. எங்கள் இரண்டு மாவட்டங்களின் காற்றுக்கும் தண்ணீருக்கும் அந்த நார்க் கம்பு பொருந்தாது. கொடி சாய்ந்து நிற்க ஒரு துணை வேண்டும் என்று நினைத்துச் செய்த பொருள் அது. கொடி தேடுவதோ வேர் நுழைய ஓர் இடத்தை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தலைமுறைகளாகத் தெரியும். நர்சரிக்காரர்கள்தான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கொடிகள் எல்லாம் ஒரே வழியில் ஏறுவதில்லை. அவரை தண்டையே கம்பில் சுற்றிக்கொண்டு ஏறும். பாகலும் சுரையும் பற்றுக்கம்பியை நீட்டி எட்டியதைப் பிடிக்கும். சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் வேரால் ஏறுகிறவற்றைத் தனி வகையாகவே பிரித்து வைத்தார். வெற்றிலை, மிளகு, மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், சிங்கோனியம் எல்லாம் அந்த வகைதான். அவரைக்கு ஒரு கயிறு போதும். வழவழப்பான இரும்புக் கம்பியில்கூட ஏறிவிடும். வேரால் ஏறும் கொடிக்கு அது பயன்படாது. ஒவ்வொரு கணுவிலும் மொட்டுப்போல் முட்டிக்கொண்டிருக்கும் பற்று வேர், சொரசொரப்பும் ஈரமும் உள்ள ஒரு பரப்பைத் தொட்டால்தான் நீண்டு கிளைத்து ஒட்டும். காய்ந்த பரப்பைத் தொட்டால் நுனி கருகிப் பழுப்பு நிறத்தில் அப்படியே நின்றுவிடும். ஒருகாலத்தில் ஜன்னலோரத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிளம்பிய கொடியை நைலான் கயிற்றில் கட்டி ஹாலின் நான்கு சுவரையும் சுற்றவிட்டார்கள். அந்தக் கொடியை எந்த இடத்தில் புரட்டிப் பார்த்தாலும் கருகிய வேர் முனைகள் வரிசையாகத் தெரியும். கயிறு போய் நார்க் கம்பு வந்திருக்கிறது. வேரின் நிலை பெரிதாக மாறவில்லை.

பற்றுக்கோடு கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வேறுபாட்டை இலையில் பார்க்கலாம். மணி பிளாண்டின் சொந்த ஊர் பசிபிக்கில் தாஹித்திக்குப் பக்கத்திலுள்ள மோரேயா தீவு. இது பூப்பது மிக அரிது. ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் செடியால் தேவையான அளவு உற்பத்தி செய்ய முடியாததே காரணம் என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் வீடுகளில் இருப்பது எல்லாமே தண்டிலிருந்து தண்டு, அதிலிருந்து இன்னொரு தண்டு என்று வெட்டி நட்டு வந்த செடி. வயது என்று பார்த்தால் அவற்றுக்குள் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனாலும் ஏற்காட்டிலோ கேரளத்திலோ பெரிய மரத்தில் ஏறிய மணி பிளாண்டின் இலை முறத்தளவு விரிந்து ஓரம் கிழிந்து கிடக்கிறது. நம் வீட்டு ஜன்னலில் தொங்கும் அதே செடியின் இலை உள்ளங்கையைத் தாண்டுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ரே சிங்கோனியத்தில் இதையே விரிவாக எழுதினார்: கொடி மேலே ஏறும்போது இலை பெருத்து வடிவம் மாறுகிறது, பற்றிடம் இழந்து கீழே தொங்கினால் இலை மறுபடி சிறுத்துப் பழைய வடிவத்துக்கே திரும்புகிறது. அவரும் டொனால்ட் ஸ்ட்ராங்கும் 1975இல் சொன்ன இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. காட்டில் முளைக்கும் மான்ஸ்டெரா நாற்று முதலில் வெளிச்சத்தைப் பார்த்துப் போவதில்லை. அடிவானத்தில் எது அதிகம் இருண்டிருக்கிறதோ அதை நோக்கி ஊர்கிறது. இருட்டாகத் தெரிவது பெரிய மரத்தின் அடிப்பகுதி. இந்தக் குடும்பத்துக் கொடிக்கு மரத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை, வெயில் அதற்குப் பிறகு. தொங்கும் கொடியின் சின்ன இலையும் நீண்ட இடைக்கணுவும், அது இன்னும் மரத்தைத் தேடிக்கொண்டிருப்பதன் அடையாளம்.

இதற்கு மேலும் உறுதியான சான்று மிளகு நாற்றங்காலில் இருக்கிறது. இலங்கையில் உருவாகி, கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் திருத்தி எடுத்த ஒரு முறை உண்டு. மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, அந்தப் பாதிக் குழாயில் நார்க்கழிவும் தொழுவுரமும் சரிபாதி கலந்து நிரப்பி, 45 பாகைச் சாய்வில் நிறுத்துவார்கள். மிளகுக் கொடியை அதன்மேல் ஏறவிட்டு, கணு ஒவ்வொன்றும் ஈரக் கலவையில் பதியும்படி தென்னை ஈர்க்கு கொண்டு அழுத்திவிடுவார்கள். கணுவுக்குக் கணு வேர் இறங்கும். கொடி உச்சியை எட்டியதும் ஒவ்வொரு கணுவையும் வேரோடு வெட்டித் தனி நாற்றாக்கலாம். ஓராண்டில் ஒரு தாய்க்கொடியிலிருந்து சுமார் 40 நாற்று எடுக்கலாம் என்பது இந்த முறையின் கணக்கு. அங்கே நோக்கம் நாற்று, நமக்கு அழகு. ஆனால் அந்த மூங்கிலில் நடப்பதைக் கவனித்தால் நம் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. கொடியைக் கலவைக்குள் புதைப்பதில்லை. கணு மட்டும் தொடுகிறது. கலவை மூன்று பக்கமும் மூங்கில் சுவரால் மூடியிருக்கிறது. காற்றுக்குத் திறந்திருப்பது கொடி படியும் ஒரு முகம் மட்டும். அதனால் ஈரம் நாள் முழுக்க நிற்கிறது.

கடைக் கம்பு இதற்கு நேர் எதிரான அமைப்பு. நடுவிலுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒரு சொட்டுத் தண்ணீரையும் வைத்துக்கொள்ளாது. மேலே சுற்றியிருப்பது நார்; நார்க்கழிவு அல்ல. நார்க்கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். நாரிலோ ஊற்றிய தண்ணீர் வழிந்து தொட்டிக்குள் இறங்கிவிடும், மிச்சமிருப்பதைச் சுற்றிலும் உள்ள காற்று உறிஞ்சிவிடும். சித்திரை வைகாசியில் பெரம்பலூர் வெயில் 40 பாகையைத் தொடும்போது காலையில் நனைத்த கம்பு மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். வெயில் தணிந்தது என்று இருந்தால் ஆடிக் காற்று வந்து மிச்சத்தையும் உலர்த்தும். இதில் தண்ணீரின் பங்கு தனி. சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் கொடுக்கிற அதே சுண்ணாம்புப் பாறை அரியலூர்ப் பக்கத்துப் போர் தண்ணீரையும் உப்பாக்கி வைத்திருக்கிறது. கம்பில் ஊற்றும் தண்ணீர் ஆவியாகிப் போகும், அதிலுள்ள சுண்ணாம்பு போகாது. சில மாதத்தில் நாரின்மேல் வெள்ளைப் பொருக்குத் தட்டும். ஒட்டுவதற்காக நீளும் வேர் நுனி தொடுவது அந்தப் பொருக்கைத்தான். நாரும் கழுவாமல் வந்ததாக இருந்தால் அதன் சொந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். உரம் வைத்தால் சரியாகும் என்று சொல்லி அனுப்புவது, உப்பின்மேல் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொட்டச் சொல்வதுதான்.

நார்க் கம்பில் அழகாகப் பற்றி ஏறிய மணி பிளாண்ட் படங்களைக் காட்டிப் பலர் மறுக்கிறார்கள். படங்கள் பொய்யில்லை. அவை பெரும்பாலும் கொச்சி, மும்பை, சிங்கப்பூர் போன்ற ஊர்களின் படங்கள். அங்கே காற்றே ஈரம். கம்பு ஈரத்தை வைத்துக்கொள்ளாவிட்டாலும் காற்று கொடுத்துவிடும். எங்கள் ஊரிலும் ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் பெய்யும் வாரங்களில் நார்க் கம்பில் வேர் பிடிப்பதைப் பார்க்கலாம். மாசியில் அதே வேர் காய்ந்து பொருக்காக உதிர்வதையும் பார்க்கலாம். தினமும் இலைமேல் தண்ணீர் தெளித்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. தெளித்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும். போர் தண்ணீரானால் இலையில் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். இன்னும் சிலர் வெளிநாட்டு முறைப்படி ஸ்பாக்னம் பாசி வாங்கிக் கம்பு கட்டுகிறார்கள். அந்தப் பாசி எடையில் 20 மடங்கு வரை தண்ணீர் பிடிக்கக்கூடியது, வேருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அது குளிர்ந்த சதுப்பு நிலத்தில், உப்பே இல்லாத தண்ணீரில் வளர்வது. சுண்ணாம்புத் தண்ணீரில் அதன் ஆயுசு குறையும். விலை கொடுத்து வாங்கியதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். மழைநீர் சேமித்து வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கலாம். எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

கொடிக்கால்காரர்களின் முறைக்கு வருகிறேன். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதின. அந்த வெற்றிலையை எப்படி ஏற்றுகிறார்கள் என்பது அதே அளவு எழுத வேண்டிய விஷயம். அங்கே பற்றுக்கோடு அகத்தி, உயிருள்ள மரம். முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, நிழல் விழ ஆரம்பித்த பிறகே கொடி நடுவார்கள். அகத்தியின் வெடித்த பட்டை வேருக்குச் சொரசொரப்பைக் கொடுக்கிறது, அடர்ந்த வரிசையும் ஓடும் வாய்க்காலும் உள்ளே காற்றை ஈரமாக வைக்கின்றன. கொடியை 15 முதல் 20 செண்டிமீட்டருக்கு ஒரு கட்டாக, வாழை நாரால் தளர்த்திக் கட்டுவார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்த வேலை திரும்ப வரும். ஒரே நாளில் உச்சிவரை இழுத்துக் கட்டுகிற பழக்கம் அங்கே கிடையாது. வேர் பிடிக்கும்வரை கணுவைப் பரப்போடு சேர்த்து வைத்திருப்பதே கட்டின் வேலை. பிடித்தபின் வாழை நார் தானே மக்கிப் போகும். நர்சரியில் நாங்கள் போடும் பிளாஸ்டிக் டேக் மக்காது, தளராது. தண்டு பருக்கும்போது சதையில் இறங்கி நெரிக்கும். மலிவான பொருள்தானே என்று இதைக் கவனிக்காமல் விடுகிறோம். என் கணக்கில் கம்புக்கு அடுத்தபடியாக வீட்டுக் கொடிகளைக் கெடுப்பது இந்த டேக்தான்.

அகத்தியை வீட்டுக்குள் வளர்க்க முடியாது என்பது நியாயமான ஆட்சேபம். அகத்தி செய்யும் வேலையைச் செய்யும் வேறு பொருள் வேண்டும். மிளகு நாற்றங்காலின் பாதி மூங்கிலே அதற்கு நல்ல பதில். மூங்கில் கிடைக்காவிட்டால் 4 அங்குல பிவிசி குழாயை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைத் தொட்டியில் ஊன்றி, நன்றாக அலசிய நார்க்கழிவை அழுத்தி நிரப்பி, முன்முகத்தில் வலையைக் கட்டினால் போதும். மேலேயிருந்து மெதுவாக ஊற்றும் தண்ணீர் கழிவுக்குள் இறங்கி நிற்கும். மூன்று பக்கம் மூடியிருப்பதால் எங்கள் ஊர்க் கோடையிலும் ஈரம் சட்டென்று ஓடிப்போவதில்லை. நார்க்கழிவை அலசவும் பிறகு ஊற்றவும் கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ நல்லது. கொடியின் முதுகைக் குழாயின் திறந்த முகத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். முதுகு எது என்பதில் குழப்பம் வேண்டாம்: வேர் முட்டுகள் தெரியும் பக்கம்தான் முதுகு, அது எப்போதும் வெளிச்சத்துக்கு மறுபக்கமாக இருக்கும். எனவே குழாயின் திறந்த முகம் ஜன்னலைப் பார்க்க வேண்டும், கொடி ஜன்னலுக்கும் குழாய்க்கும் நடுவில் வர வேண்டும். கடைக் கம்பில் கொடியைச் சுற்றிச் சுற்றிக் கட்டும்போது பாதிக் கணுக்கள் இருட்டுப் பக்கம் மாட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து இலை வெளிச்சம் தேடித் திரும்ப, வேர் கம்பை விட்டு விலகுகிறது.

குழாயை வீட்டுக்குள் வைக்கப் பிடிக்காதவர்களுக்கு மரப்பலகை இருக்கிறது. எங்கள் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செதுக்குவது வாகை, மா போன்ற மரங்களை. அப்படிப்பட்ட மரத்தின் இழைக்காத, பட்டை உரியாத துண்டு ஒன்று மான்ஸ்டெராவுக்கு எந்தக் கடைக் கம்பையும்விட நல்ல பற்றுக்கோடு. சவுக்குக் கட்டையும் சரிதான், ஆனால் தொட்டி ஈரத்தில் அதன் அடி சீக்கிரம் இற்றுவிடும், மாடியில் கரையான் ஏறும் வீடானால் இன்னும் சீக்கிரம். சீமைக்கருவேலக் கட்டை கோணலாக இருந்தாலும் அதிக நாள் தாங்கும். எதுவானாலும் தென்னையின் பன்னாடையை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினால் பரப்பு சொரசொரப்பாகும், கொஞ்சம் ஈரமும் தங்கும். பலகையில் ஈரம் குழாயளவு நிற்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் தடித்த தண்டும் நீண்ட காற்று வேரும் உள்ள மான்ஸ்டெராவுக்குப் பலகை, மெல்லிய தண்டுள்ள மணி பிளாண்டுக்கும் சிங்கோனியத்துக்கும் குழாய் என்று பிரித்துக்கொள்வது என் பழக்கம். மான்ஸ்டெராவின் நீண்ட காற்று வேர்கள் பலகையை ஒட்டியே இறங்கித் தொட்டி மண்ணுக்குள் போய் அங்கிருந்து தண்ணீர் கொண்டுவரும். அழகுக்காக அவற்றை நறுக்கிவிடுகிறவர்கள், செடி தனக்காக இறக்கிய குழாயை அறுக்கிறார்கள்.

இத்தனை சிரமம் எதற்கு, பாட்டிலில் தொங்கினாலும் மணி பிளாண்ட் உயிரோடுதானே இருக்கிறது என்று கேட்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. இருக்கும், வருடக்கணக்கில் இருக்கும். சின்ன இலைகளோடு சரமாகத் தொங்குவது பிடித்தவர்கள் அப்படியே விட்டுவிடலாம், அது குறையில்லை. ஆனால் பெரிய இலை வேண்டும் என்று ஆசைப்பட்டு, பற்றுக்கோடு தராமல் உரமும் டானிக்கும் வாங்கிக் கொட்டுவதில் அர்த்தமில்லை. பாட்டிலைப் பொறுத்தவரை எனக்கு வேறொரு கவலை உண்டு. மாற்றாத தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கு பருவத்தில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்கள் பூச்சாடியையும் கவிழ்த்துப் பார்ப்பது சும்மா இல்லை. மணி பிளாண்ட் மேல்நோக்கித்தான் போக வேண்டும், தொங்கினால் பணம் இறங்கிவிடும் என்றொரு நம்பிக்கையும் ஊரில் இருக்கிறது. பணத்தைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. செடியைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரியான பக்கம்தான் நிற்கிறது. திருடி வைத்தால்தான் வளரும் என்பதைத்தான் நர்சரிக்காரன் ஒப்புக்கொள்ள முடியாது.

சமீப வருடங்களில் வாடிக்கையாளர்களும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் வீட்டுத் திண்ணைக்கும் மாடிப்படி ஓரத்துக்கும் செடி கேட்டார்கள். இன்று கல்லூரி அலுவலகம், மருத்துவமனை வரவேற்பறை, ஏசி போட்ட நகைக்கடை என்று கேட்கிறார்கள். ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து வரும் லாரிகளில் கோதாவரிக் கரையின் ஈரத்தில் வளர்ந்த மான்ஸ்டெராவும் பிலோடென்ட்ரானும் தளதளவென்று வந்து இறங்குகின்றன. அங்கிருந்து நேராக ஏசி அறைக்குள் போகின்றன. ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும் என்பதால் சித்திரை வெயிலில் நார்க் கம்புக்கு நேர்வதே அங்கே ஆண்டு முழுக்க நேர்கிறது. நிலைமை அங்கே கடுமை என்பதாலேயே அந்த அறைகளில்தான் குழாய் முறையின் பலன் பளிச்சென்று தெரிகிறது. அரியலூர்ப் பக்கம் சாலையோரக் கட்டடங்களில் சிமெண்ட் தூசி இலையில் படிவது இன்னொரு தொல்லை. அதை ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டுமே தவிர, தண்ணீர் தெளித்து அங்கேயே காயவிட்டால் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

குழாய் நிறைந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் கொடிக்காலில் வழி உண்டு. ஓராண்டில் வெற்றிலைக் கொடி 3 மீட்டர் அளவுக்கு ஏறியதும் இலை சிறுக்கத் தொடங்கும். பங்குனி சித்திரை வாக்கில் கொடியை அவிழ்த்து இறக்கி, சுருட்டி அடியில் பதித்து நீர் பாய்ச்சுவார்கள். மடிந்த கணுக்களிலிருந்து புதுக் கொடிகள் கிளம்பி மறுபடி ஏறும். வீட்டில் அத்தனை நீளக் கொடியைத் தொட்டிக்குள் சுருட்ட முடியாது. அதற்குப் பதிலாக உச்சியில் வேர் பிடித்த மூன்று நான்கு கணுவை வேரோடு வெட்டி, அதே குழாயின் அடியில் புதிதாக நடலாம். வேர் ஏற்கெனவே இருப்பதால் அந்தத் தலை வாடாது, பெரிய இலையிலிருந்தே அடுத்த சுற்றைத் தொடங்கும். மீந்த அடிக்கொடியும் பக்கக் கிளை விடும். காலத்தில் மட்டும் நான் கொடிக்கால்காரர்களோடு மாறுபடுகிறேன். அவர்களுக்கு அகத்தி நிழலும் வாய்க்கால் தண்ணீரும் இருப்பதால் கோடையின் வாசலில் இறக்கத் துணிகிறார்கள். தொட்டிச் செடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எங்கள் ஊரில் வெட்டுவதையும் மாற்றி நடுவதையும் புரட்டாசிக்குத் தள்ளிவைத்தால் அடுத்து வரும் இரண்டு மூன்று மழை மாதங்கள் பாதி வேலையைச் செய்துவிடும். நர்சரிகளில் கம்புச் செடி அதிகம் விற்பது கோடை விடுமுறையில், புதுவீடு புகும் வைகாசி முகூர்த்தங்களில். அப்போது வாங்குகிறவர்கள் கொடியைக் கட்டாமல் தொட்டியிலேயே படரவிட்டு, குழாயைப் புரட்டாசியில் ஊன்றிக்கொள்ளலாம்.